மாமனைத் தேடி மலையேறிய சாமி

குடும்பத்தோடு நாங்கள் முதல் முதலாகப் போடிமெட்டு ஏறிய பயணத்தைப் பற்றி எழுதுகிறேன். எண்பதுகளின் தொடக்கம். ஆவணி மாதம், மலையில் மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். மகனுக்கு முதல் மொட்டை எடுக்கப் போனோம். சின்னப் பிள்ளைகளை வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்கு இதில் இரண்டொரு விஷயம் உதவும். எனக்கு எழுத்து கைக்கு வந்தது போன வருடம்தான். எழுபத்தைந்து வயதில் ஒரு பத்தி எழுத ஒரு காலைப்பொழுது போய்விடுகிறது. போகட்டும். போடிமெட்டு என்று நானே எழுதி, நானே வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறபோது பச்சைப் பிள்ளை மாதிரிச் சிரிப்பு வருகிறது. எழுத எடுத்த விஷயம்தான் அவ்வளவு சந்தோஷமானதில்லை.

அப்போது போடியில் ஓர் இலவம்பஞ்சு குடோனில் எனக்கு வேலை. மனைவி பேச்சியம்மாள். மகள் வள்ளிக்கு ஆறு வயது, மகன் பாண்டிக்கு நான்கு. நான்கு வயதாகியும் பாண்டிக்கு முடி இறக்கவில்லை. எங்கள் வழக்கப்படி முதல் மொட்டை குலசாமி கோயிலில், தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் எடுக்கவேண்டும். தாய்மாமன் என்று இருந்தவன் பேச்சியின் ஒரே தம்பி முருகேசன். மலையில் பூப்பாறைக்கு இந்தப் பக்கம் ஓர் ஏலத்தோட்டத்தில் வேலை பார்த்தான். பாண்டி பிறந்த மறு வருடம் பங்காளி வீட்டில் ஒரு சாவு, அதனால் நல்ல காரியம் வைக்க முடியவில்லை. அதற்கடுத்த வருடம் தோட்டத்தில் காய் எடுப்பு மும்முரம், முருகேசனை விடவில்லை. அதற்கும் அடுத்த வருடம் அவனுக்கு வயிற்றுவலி தொடங்கிவிட்டது. பாண்டியின் முடி முதுகுக்கு வந்துவிட்டது. பேச்சி அதை எண்ணெய் வைத்து வாரி, வள்ளியின் பழைய ரிப்பனால் இரட்டைச் சடை போட்டுவிடுவாள். தெருவில் அவனை 'பாண்டியம்மா' என்று கூப்பிட்டார்கள்.

அந்த வருடம் ஆனியில் முருகேசனைப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். வயிற்றில் கட்டி, முற்றிவிட்டது, வீட்டில் வைத்து வேண்டியதைச் செய்துகொடுங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவன் நேராகத் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்கே போய்ப் படுத்துவிட்டான். ஆடி முடிவதற்குள் அவனால் உட்கார முடியவில்லை என்று தகவல் வந்தது. ஜீப்பு ஒரு தடவை குலுங்கினாலே உயிர் போகிற வலியாம். அவன் கீழே இறங்கி வருவது நடக்காது என்று எங்களுக்குத் தெரிந்துபோனது. தம்பி கண்ணை மூடுவதற்குள் அவன் மடியில் வைத்துப் பிள்ளைக்கு முடி இறக்கவேண்டும். பேச்சிக்கு வேறு நினைப்பே இல்லை. சோறு வடிக்கும்போதும் அதையேதான் சொன்னாள்.

எங்கள் குலசாமி கருப்பு. பொட்டிபுரம் பக்கம் கரட்டு அடிவாரத்தில் கோயில். பூசாரி என் பெரியப்பா மகன், நான் பெரியண்ணன் என்று கூப்பிடுவேன். அவரிடம் போய்ப் பிடிமண் கேட்டோம். பிடிமண் என்பது கோயில் வாசலிலிருந்து ஒரு கைப்பிடி மண். அதை வேறு இடத்தில் வைத்து விளக்கேற்றினால் அங்கேயும் அந்தச் சாமி உண்டு என்பது எங்கள் நம்பிக்கை. பெரியண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சாமியைத் தேடி மாமன் வரணுமா, மாமனைத் தேடிச் சாமி போகணுமா? ஊரு ஒலகத்துல இல்லாத வழக்கமால்ல இருக்கு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். பேச்சி குனியவில்லை. கோயில் முன்னால் நின்ற மண்குதிரையைக் கையால் காட்டினாள்.

"என் தம்பிக்கு எந்திரிச்சு நடக்க முடியல, பெரிய மாமா. உங்க சாமிக்குத்தான் குதிரை இருக்குல்ல."

பெரியண்ணன் சிரிக்கக்கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்து கொடுக்கும்போது மட்டும் குரலை இறக்கிச் சொன்னார்: "ஆத்தா, இது வெளையாட்டு இல்ல. வச்ச எடத்துல வருசத்துக்கு ஒரு தடவையாச்சும் நம்ம ஆளுக போய் விளக்கேத்தணும். விட்டுறக் கூடாது." பேச்சி "சரி" என்றாள். நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மொட்டை எடுத்து முடிந்ததும் மண்ணை ஓடையில் கரைத்துவிட்டு வந்துவிடலாம் என்பது என் கணக்கு.

இன்னொரு சிக்கலும் இருந்தது. 'என்னை இந்தக் கோலத்தில் பிள்ளைகள் பார்க்க வேண்டாம்' என்று முருகேசன் முன்பே சொல்லியனுப்பியிருந்தான். அதனால் பேச்சி ஒரு யோசனை செய்தாள். வள்ளிக்குப் பள்ளிக்கூடம் லீவு, பிள்ளைகளுக்கு மலையைச் சுற்றிக் காட்ட வருகிறோம், வழியில் உன் வீட்டிலும் தலைகாட்டுவோம் என்று ஜீப்புக்கார மீரான் அண்ணனிடம் தகவல் சொல்லிவிட்டாள். பிள்ளைகளிடமும் அதையேதான் சொன்னோம். ஆக, நாங்கள் சுற்றிப்பார்க்கப் போனவர்கள் மாதிரித்தான் கிளம்பினோம். வள்ளி பூப்போட்ட பாவாடை கட்டிக்கொண்டாள். பேச்சி எலுமிச்சைச் சோறு கட்டினாள், அப்பளம் பொரித்தாள். பொரிக்கும்போதே அழுதுகொண்டிருந்தாள்.

காலை ஐந்தரை மணிக்குப் போடி பஜாரிலிருந்து ஜீப்பு. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப்பு அது. எட்டுப் பேர் உட்காரும் இடத்தில் பதினேழு பேர் இருந்தோம். கூலி ஆளுக்கு மூன்று ரூபாய், மடியில் வைத்திருக்கும் பிள்ளைக்குக் கிடையாது. ஆறு வயது வள்ளியையும் மடிப்பிள்ளை என்றே பேச்சி சாதித்தாள். எங்களோடு முடிவெட்டும் சுப்பையாவும் வந்தார். பஜாரில் கடை வைத்திருந்தவர், அதுவரை மலையேறியதே இல்லை. போடியிலிருந்து மெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். முந்தல் வரை சமதளம், அங்கிருந்துதான் ஏற்றம். பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். முதல் வளைவிலேயே சுப்பையா கண்ணை மூடிக்கொண்டார்.

"அண்ணே, நீங்க கண்ணை மூடிக்கிட்டாக் கத்தி பிடிக்கிற கை நடுங்கும்னு சொல்லுவாக," என்றார் மீரான் அண்ணன், ரோட்டைப் பார்க்காமல் பின்னால் திரும்பி.

"நீ மொதல்ல ரோட்டைப் பாரு அப்பு. நாங் கத்தி பிடிக்கிறதுக்கு உசுரோட போய்ச் சேரணும்ல."

ஜீப்பே சிரித்தது. பேச்சியும் சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டாள். புலியூத்துக்கு மேலே பாண்டி வாந்தி எடுத்தான், அடுத்த வளைவில் வள்ளி. சின்னப் பிள்ளைகளுக்கு மலையேறும் முன் வயிறு நிறையக் கொடுக்காதீர்கள். காய்ந்த நார்த்தங்காய் ஒரு துண்டு வாயில் போட்டுவிட்டால் ஓரளவு தாங்கும். எங்களுக்கு அது அப்போது தெரியவில்லை.

போடிமெட்டில் செக்போஸ்டு. கேரளாவுக்கு அரிசி கடத்துகிறார்கள் என்று அந்தக் காலத்தில் மூட்டை முடிச்சையெல்லாம் பிரித்துப் பார்ப்பார்கள். பேச்சி மடியில் இறுக்கிப் பிடித்திருந்த மஞ்சள் முடிச்சை ஒரு காவலர் தடியால் தொடப் பார்த்தார்.

"என்னம்மா இது?"

"சாமி."

"எந்தச் சாமி?"

"கருப்பு."

அவர் தடியைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஒரு விநாடி எங்களைப் பார்த்தார். பிறகு பூட்ஸைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிக்கிறவர் மாதிரிக் காலை மாற்றி மாற்றி வைத்துவிட்டு, "போங்க, போங்க, வெரசாப் போங்க," என்று கையை ஆட்டினார். பின்னால் இருந்த எந்த மூட்டையையும் பார்க்கவில்லை. அன்றைக்கு அந்த ஜீப்பில் அரிசி வைத்திருந்தவர்கள் கருப்புக்கு நன்றி சொல்லியிருப்பார்கள்.

மெட்டில் அரைமணி நேரம் நிறுத்தினார்கள். அங்கிருந்து பார்த்தால் போடி முழுக்கத் தெரியும் என்று கேள்விப்பட்டிருந்தோம். போய் நின்றோம். வெள்ளை வேட்டியை முகத்துக்கு நேராகக் கட்டித் தொங்கவிட்டது போல மூடுபனி. ஒன்றும் தெரியவில்லை.

"மலை எங்கப்பா?" என்றான் பாண்டி.

"நாம நிக்கிறதுதான்டா மலை."

"அப்பத் தெரியலையே?"

டீக்கடையில் ஒரு மலையாளத்து அம்மா பாண்டியின் சடையைத் தடவி, "மோளே, தணுக்குந்நுண்டோ?" என்று குளிர்கிறதா என்பதை அவர்கள் பேச்சில் கேட்டார். மோளே என்றால் மகளே. பாண்டிக்கு அது மட்டும் புரிந்துவிட்டது. "நான் பையன்!" என்று கத்தி, டவுசரைக் கழற்றிக் காட்டப் போனான். கடையே சிரித்தது. டீ முப்பது பைசா. பேச்சி டீயைக் குடிக்காமல் கையில் வைத்துச் சூடு காட்டிக்கொண்டே இருந்தாள். திடீரென்று பனி கொஞ்சம் விலகியது. கீழே வயல், கண்மாய், வீடு எல்லாம் கால் நகத்தளவில் தெரிந்தது. பிள்ளைகள் குதித்தார்கள். பேச்சி அந்தப் பக்கமே திரும்பவில்லை. தோட்டம் இருந்த திசையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மெட்டிலிருந்து இன்னும் ஏழெட்டு கிலோமீட்டர் ஜீப்பில். பிறகு ரோட்டை விட்டு இறங்கி ஏலக்காட்டுக்குள் ஒரு மைல் நடை. மேலே பெரிய மரங்களின் நிழல், கீழே ஆளுயரத்துக்கு ஏலச்செடி, பகலிலும் சாயங்காலம் மாதிரி இருட்டு. செருப்புக்கு மேலே அட்டை ஏறிவிடும். புகையிலையையும் உப்பையும் துணியில் முடிந்து தண்ணீரில் நனைத்துக் காலில் தேய்த்துக்கொண்டால் ஏறாது. மீரான் அண்ணன் சொல்லிக்கொடுத்திருந்தார், பிள்ளைகளுக்குத் தேய்த்துவிட்டோம். சுப்பையா மட்டும் நாற்றம் தாங்காது என்று தேய்த்துக்கொள்ளவில்லை. லயத்துக்குப் போனபோது அவர் முழங்காலில் ஆறு அட்டைகள். "என்னைக் கொண்டாந்து இதுகளுக்கு விருந்து வச்சிட்டீகளே," என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

முருகேசன் வாசலில் கட்டிலில் கிடந்தான். நான் கடைசியாகப் பார்த்தபோது ஏலக்காய் மூட்டையைத் தனியாளாகத் தோளில் தூக்குகிறவன். இப்போது கட்டிலில் போர்வை மட்டும் கிடப்பது போல இருந்தது. வயிறு மட்டும் மேடாகத் தெரிந்தது. அவன் மனைவி செல்லத்தாயி எங்களைப் பார்த்ததும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை.

"வாங்க மச்சான்," என்றான் முருகேசன். "மலை பாக்க வந்தீகளா, என்னையப் பாக்க வந்தீகளா?"

"மலைதான் மாப்ளே," என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.

அவன் பேச்சியின் கையில் இருந்த மஞ்சள் முடிச்சைப் பார்த்தான். சுப்பையாவின் தகரப்பெட்டியைப் பார்த்தான். பாண்டியின் சடையைப் பார்த்தான்.

"அக்கா, சாமியவே தூக்கிட்டு வந்துட்டியா?"

"ஆமா. நீ வர மாட்டேன்னுட்ட. நான் என்ன செய்ய?"

லயத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய மரத்தடியைச் செல்லத்தாயி பெருக்கி, சாணி தெளித்தாள். மூன்று கல்லை நட்டு, பிடிமண்ணை நடுவில் வைத்து, பேச்சி விளக்கேற்றினாள். முருகேசனைக் கட்டிலோடு தூக்கி வந்தோம். அவனால் உட்கார முடியாது. உட்காராமல் மடி ஏது? அவனைத் தரையில் இறக்கி, காய் உலர்த்தும் ஸ்டோரிலிருந்து காலிச் சாக்குகளை வாங்கிச் சுருட்டி முட்டுக்கொடுத்துப் பார்த்தோம், சரிந்து விழுந்தான். கடைசியில் பேச்சி தரையில் உட்கார்ந்து, தம்பியின் முதுகைத் தன் முதுகில் சாய்த்துக்கொண்டாள். அக்காவும் தம்பியும் முதுகோடு முதுகாக, ஆளுக்கொரு திசை பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அவள் முகத்தை அவன் பார்க்க முடியாது. அது நல்லதாகப் போயிற்று.

பாண்டியை மடியில் வைத்ததும் வீரிட்டான். மாமனின் குழி விழுந்த கன்னத்தைப் பார்த்துப் பயம், கத்தியைப் பார்த்துப் பயம். காலை உதறினான். ஒரு உதை அந்த வயிற்றில் பட்டால் என்ன ஆகும்? நான் பிள்ளையைத் தூக்கிவிடப் போனேன். "வேணாம் மாப்ளே, மடியில வச்சது போதும். மிச்சத்தைத் தனியா எடுத்துக்கிறோம்."

"விடுங்க மச்சான்," என்றான் முருகேசன். பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேசினான். "மிதிக்கட்டும். மாமனை மிதிக்காம இவன் வேற யாரை மிதிப்பான்?"

அப்போது வள்ளி யாரும் சொல்லாமலே முன்னால் வந்து உட்கார்ந்து, தம்பியின் இரண்டு பாதங்களையும் தன் பாவாடைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டாள். "டேய், அட்டை இருக்கான்னு பாக்கப் போறேன், ஆடாத," என்றாள். அட்டை என்றதும் அவன் அசையவில்லை. சுப்பையா தண்ணீர் தடவி, முதல் கத்தி வைத்தார். முதல் வளைவிலேயே கண்ணை மூடியவர் இப்போது இமைக்கவேயில்லை. பாதித் தலை முடிவதற்குள் பாண்டி அழுது களைத்து மாமன் நெஞ்சிலேயே தூங்கிப்போனான். மீதித் தலையைப் பிள்ளையின் தூக்கத்திலேயே சுப்பையா எடுத்தார். முடிந்த பிறகும் முருகேசன் பிள்ளையைக் கொடுக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. வியர்வை அவன் கழுத்தில் ஓடியது, மழைத்தூறலும் அதோடு சேர்ந்தது. செல்லத்தாயி குடையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மாமன் சீராக ஒரு சிவப்புச் சட்டை வைத்திருந்தான். பாண்டிக்கு இரண்டு வயதாக இருந்தபோது பூப்பாறைச் சந்தையில் வாங்கியது, இப்போது தலை வழியாக நுழையவில்லை. குளிருக்கு அதையே மொட்டைத் தலையில் குல்லாவாகக் கட்டிவிட்டோம். முருகேசன் அன்றைக்கு அதற்கு மட்டும்தான் சத்தமாகச் சிரித்தான். சிரித்ததற்கும் வலித்தது.

மூன்று மணிக்குத் திரும்பும் ஜீப்பு. கிளம்பும்போது பிடிமண்ணை எடுக்கக் கையை நீட்டினேன். பேச்சி என் மணிக்கட்டைப் பிடித்தாள். "வச்ச சாமியை எடுப்பாகளா? சும்மா வாங்க." முருகேசன் கட்டிலிலிருந்து சொன்னான்: "மலை பாக்க வந்தவுக வெரசாக் கெளம்புங்க. பனி எறங்குனா ஒண்ணும் தெரியாது." ஏலக்காட்டுக்குள் திரும்பும் வரை பேச்சி ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. லயம் மறைந்த பிறகு பாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் செய்தி வந்தது. நாங்கள் இரண்டு பேரும் போய் அந்தத் தோட்டத்து ஓரத்திலேயே அடக்கம் செய்துவிட்டு வந்தோம். பிள்ளைகளைக் கூட்டிப் போகவில்லை.

இனி போகிறவர்களுக்கு. ஆவணி, புரட்டாசியில் பிள்ளைகளோடு போனால் கம்பளிச் சட்டை கட்டாயம். மெட்டில் பனி விலகுவதைப் பார்க்கக் காலை எட்டுக்கு மேல் நின்றால்தான் உண்டு, அவசரப்படாதீர்கள். ஏலக்காட்டுக்குள் தோட்டத்து ஆள் துணையில்லாமல் நுழையாதீர்கள், எல்லாப் பாதையும் ஒன்று போலவே இருக்கும். ஜீப்பில் பின்பக்கம் உட்கார்ந்தால் வாந்தி அதிகம், முன் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். இப்போது ரோடு அகலமாகிவிட்டது, பஸ்சும் போகிறது. கூலியெல்லாம் என் காலத்துக் கணக்கு, நீங்கள் அங்கே விசாரித்துக்கொள்ளுங்கள். நோயாளியைப் பார்க்கப் போனால், சுற்றிப்பார்க்க வந்தோம் என்று சொல்லாதீர்கள். அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

மறு வருடம் ஆவணி பிறந்ததும் பெரியண்ணன் ஆள் அனுப்பிவிட்டார், விளக்கேற்றப் போகவில்லையா என்று. குடோனில் லீவு கேட்டு, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, அதே ஜீப்பில் முணுமுணுத்துக்கொண்டே போனேன். அடுத்த வருடமும் போனோம். அதற்கடுத்த வருடமும். வள்ளி பெரிய மனுஷியான வருடமும், பாண்டி பத்தாவது எழுதிய வருடமும் போனோம். என் பிள்ளைகள் பார்த்த ஒரே ஊர் அதுதான், அதை வருடம் தவறாமல் பார்த்தார்கள். செல்லத்தாயி அந்த லயத்தில் இருந்தவரை ஒவ்வொரு தடவையும் எங்களுக்குச் சோறு ஆக்கிப் போட்டாள். பேச்சி அவளுக்குத் தலை வாரிவிடுவாள். இரண்டு பேரும் அழுவார்கள், பிறகு யாரையாவது பற்றிப் புறணி பேசிச் சிரிப்பார்கள்.

ஐந்தாவது வருடமோ ஆறாவது வருடமோ, நல்ல மழை. மரத்தடியில் நனைந்துகொண்டே நின்றோம். எனக்குச் சலிப்பாக இருந்தது. "கைப்பிடி மண்ணைக் கேட்டு வாங்கிட்டு வந்து இப்படி மாட்டிக்கிட்டமே புள்ள," என்றேன். "அன்னைக்கே அண்ணன் சொன்னாரு. நீ யோசிக்காமச் சரின்னுட்ட."

பேச்சி கல்லுக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"யோசிக்காமலா? தம்பி போய்ட்டா அதுக்கப்புறம் என்ன சோலின்னு சொல்லி நான் இந்த மலைக்கு வர? உங்க வீட்டுல யாரு அனுப்புவா? சாமி இருக்குன்னா ஒருத்தரும் கேக்க முடியாதுல்ல."

மழை இன்னும் வலுத்தது. நான் துண்டை எடுத்து விளக்குக்கு மேல் பிடித்துக்கொண்டேன்.

"நல்லா எறக்கிப் பிடிங்க," என்றாள். "காத்து அந்தப் பக்கத்துல இருந்து வருது."